பதினோரு மடங்கு வேகம்

திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்தில் ஒரு விளம்பரப் பலகை நிற்கிறது. அதில் ஒரு சிறுத்தை பாய்கிறது. சிறுத்தையின் வயிற்றுக்குக் கீழே, 'நிலவறை டேட்டாபேஸ்: போட்டியாளரைவிட ஒன்பது மடங்கு வேகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

ராகேல் அதன் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"சாரே, இந்தப் பூனைதானே போன வாரம் தோத்துப் போச்சு?"

பின்சீட்டிலிருந்து நாகேஸ்வரன் இறங்கினார். அதே ஊரின் வலியசாலைக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்து, ஓய்வுக்குப் பிறகு ராகேலை உதவிக்கு வைத்துக்கொண்டு தனியார் துப்பறிவாளர் ஆனவர். மனிதர்கள்மேல் அவருக்கு மரியாதை குறைவு. மனிதர்கள் சொல்லும் எண்கள்மேல் அதைவிடக் குறைவு.

"வெறுமனே தோக்கலை. பதினோரு மடங்கு தோத்திருக்கு. ஒன்பது மடங்கு முந்தறது எப்படிப் பதினோரு மடங்கு பிந்தும்? ரெண்டுல ஒண்ணு பொய்."

"ரெண்டும் பொய்யா இருந்தா?"

"அப்போ நமக்கு ரெண்டு வேலை. நட."

நிலவறைக் கம்பெனியின் முதலாளி அஜிதா, கண்ணாடி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். விஷயத்தை அவள் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை தண்ணீர் குடித்தாள்.

ஏழு கிளைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, நோயாளிகளின் விவரங்களையெல்லாம் சேர்த்துவைக்க ஒரு டேட்டாபேஸ் மென்பொருள் வாங்கப்போகிறது. கடைசிச் சுற்றில் இரண்டு பேர். அஜிதாவின் 'நிலவறை', கொச்சிக் கம்பெனியின் 'பாய்ச்சல்'. யார் வேகம் என்று பார்க்க நடுவர் ஒருவரைப் போட்டு பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை வைத்தார்கள். ஒரே அறை, ஒரே மாதிரி இரண்டு மெஷின், ஒரே கேள்விகள். பாய்ச்சல் பதினோரு மடங்கு வேகம் என்று முடிவு வந்தது. இன்று சாயந்திரம் கையெழுத்து.

"எங்க டெஸ்ட் என்ஜினியர் சிவதாணுதான் கவுத்துட்டான்," என்றாள் அஜிதா. "டெஸ்ட் தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எங்க மெஷினோட கரண்டை யாரோ கட் பண்ணியிருக்காங்க. அரை மணி நேரம் செத்துக் கிடந்திருக்கு. அப்புறம் தானா ஆன் ஆகியிருக்கு. எல்லாம் மெஷின்லயே பதிவாகியிருக்கு. அன்னிக்கு அந்த ரூம் சாவி ரெண்டு பேர்கிட்டதான். ஒண்ணு நடுவர், இன்னொண்ணு சிவதாணு. கொச்சி ஆளுங்க அன்னிக்கு வரவே இல்லை."

"நடுவர் யாரு?"

"அழகியநம்பி சார். நாடு பூரா அவரைத்தான் கூப்பிடுவாங்க. அவரைச் சந்தேகப்பட முடியுமா?"

ராகேல் குறுக்கே புகுந்தாள்.

"எனக்கொரு சம்சயம் மேடம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா என்ன கேடு? என் போனை நான் தெனமும் பண்ணுதேன். அது முன்னைவிட நல்லா ஓடுது."

அஜிதா அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள். "போன் வேற, இது வேற. ஒருதடவை கேட்ட கேள்விக்குப் பதில் மெஷினோட மெமரியில நிக்கும். மறுபடி கேட்டா உடனே எடுத்துக் கொடுக்கும். கரண்ட் போனா மெமரி காலி. ஒவ்வொண்ணையும் டிஸ்க்குல போய்த் தேடித்தான் எடுக்கணும்."

"ஓ! அவன்களுக்க தோசைக்கல்லு காலையிலேருந்து காஞ்சு கெடக்கு. உங்களுக்க கல்லைக் கழுவிக் கவுத்தியாச்சு. பின்ன ரெண்டுலயும் ஒரே நேரத்துல மாவு ஊத்தி, எவன் தோசை முதல்ல வேகும்னு போட்டி. இதுக்குத்தான் கோட்டு போட்ட நடுவராக்கும்?"

நாகேஸ்வரனின் உதடு அரைக்கால் அங்குலம் விரிந்தது. அவரைப் பொறுத்தவரை அது வாய்விட்டுச் சிரித்த கணக்கு.

"ஒரே ஒரு கேள்வி அஜிதா," என்றார். "உங்க சிறுத்தை ஒன்பது மடங்கு ஓடின அன்னிக்கு, எதிராளியோட கல்லு காஞ்சிருந்ததோ?"

அஜிதா நான்காவது முறையாகத் தண்ணீர் குடித்தாள். "அது... எங்க மார்க்கெட்டிங் டீம் பண்ணினது."

"பெட்டியைப் பிரிச்ச கையோட ஓட விட்டிருப்பா. உங்களோடது ஒரு வாரமா ஓடிண்டிருந்திருக்கும். சரி, அதை விடுங்கோ. சிவதாணுவை என்ன பண்ணப் போறேள்?"

"அஞ்சு மணி வரைக்கும் டைம் கொடுத்திருக்கேன். 'நான்தான் பண்ணினேன்'னு எழுதிக் கொடுத்தா வேலையை விட்டு மட்டும் அனுப்புவேன். இல்லேன்னா போலீஸ் கேஸ். கேஸ் வந்தா கழக்கூட்டத்துலேருந்து கொச்சி வரைக்கும் அவனை ஒருத்தனும் கீபோர்டைத் தொட விட மாட்டான்."

படி இறங்கும்போது ராகேல் முணுமுணுத்தாள். "எழுதிக் கொடுத்தாலும் வேலை போச்சு, கொடுக்காட்டியும் போச்சு. நல்ல தாராள மனசு."

"அவாளுக்கு உண்மை வேண்டாம். ஆள் வேணும்," என்றார் நாகேஸ்வரன்.

மருத்துவமனையின் நாலாவது மாடி. டெஸ்ட் நடந்த அறைக்கு வெளியே சிவதாணு நின்றிருந்தார். நாகர்கோவில்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் மூன்று நாள் தாடி, குரலில் மூன்று நாள் கோபம்.

"நீங்கதான் என்னைப் பிடிக்க வந்த துப்பறிவாளராக்கும்? பிடியுங்க. நான் தொடல்ல. அந்த நேரம் கீழே கேன்டீன்ல பழம்பொரி தின்னுக்கிட்டிருந்தேன். சாட்சி இல்ல. பழம்பொரிதான் சாட்சி, அதையும் தின்னாச்சு."

"தின்ன ஆள் மெலிஞ்சு போயிட்டியளே," என்றாள் ராகேல்.

"வீட்டுல சோறு எறங்கல்லம்மா. பிள்ளை கேக்குது, 'அப்பா நீங்க கள்ளனா'ன்னு. பன்னிரண்டு வருசம் அந்த மெஷினுக்க பக்கத்துலேயே கெடந்தவனாக்கும் நான்."

கதவைத் திறந்தார்கள். டெஸ்ட் முடிந்த மறுநாளே பூட்டி, சாவியை மருத்துவமனைத் தலைவர் டாக்டர் சபீனா வாங்கி வைத்துக்கொண்டதால் அறை அப்படியே இருந்தது. நீள மேஜை, அதன்மேல் இரண்டு மெஷின்கள். சுவரில் டிவி. மூலையில் ஒரு காபி மெஷின். கிழக்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், தூரத்தில் பொன்முடி மலை.

ராகேல் மெஷின்களைக் குனிந்து குனிந்து பார்த்தாள். நாகேஸ்வரன் அவற்றின் பக்கமே போகவில்லை. நேராகக் காபி மெஷினுக்குப் போனார்.

"காபி குடிக்க வந்த இடமா சாரே இது?"

"இதுல மணி என்ன காட்டறது பார்."

காபி மெஷினின் சின்னத் திரையில் நான்கு சைபர்கள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"ஒரு மணியும் இல்ல. மினுக்கிட்டு நிக்கி. கரண்ட் போய் வந்தா எல்லாம் இப்படித்தானே?"

"சிவதாணு, அன்னிக்குக் காலம்பற இதுல மணி சரியா இருந்ததோ?"

"நான்தான் வெச்சேன். நடுவருக்கு மணிக்கொரு காபி வேணும். அதுக்கு டைமர் போட்டுக் கொடுத்தேன்."

"கட்டடத்துல கரண்ட் போகலையே?"

"இது ஆஸ்பத்திரி சார். ஐ.சி.யூ. இருக்கு. ஒரு நொடி போனாக்கூட ஊரே எளகிரும். போகல்ல."

நாகேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ராகேல், கேட்டுக்கோ. ஒரு துரோகி முதலாளியோட மெஷினைக் கொல்றான். சரி, காரணம் இருக்கு. காபி மெஷினை எதுக்குக் கொல்றான்? அதுவும் கொச்சிக்குப் போட்டியா?"

ராகேல் குனிந்து காபி மெஷினின் பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த ரூம்ல இருந்த எல்லா பிளக்கையும் ஒருத்தன் பிடுங்கியிருக்கான். அரை மணி கழிச்சு எல்லாத்தையும் அழகாத் திருப்பிச் சொருகியிருக்கான். திருப்பிச் சொருகற துரோகியை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்லை."

"எல்லாத்தையும் பிடுங்கினா, கொச்சி மெஷின் மட்டும் எப்படித் தப்பிச்சு?"

நாகேஸ்வரன் மேஜைக்கு அடியில் காலை நீட்டி, ஒரு கறுப்புப் பெட்டியைச் செருப்பு நுனியால் தட்டினார். "யூ.பி.எஸ். பேட்டரி. கொச்சிக்காரன் தன் மெஷினை இதுல சொருகி, இதைச் சுவர்ல சொருகியிருக்கான். சுவர்ல பிடுங்கினாலும் பேட்டரி அரை மணி தாங்கும். நிலவறைக்காரா சுவத்துல நேராச் சொருகினா. கதை அவ்வளவுதான்."

"பெட்டி வேண்டாம்னு மேடம் சொல்லிட்டாங்க," என்றார் சிவதாணு. "செலவாம்."

"ஆஹா! சிறுத்தைக்கு பைபாஸ்ல பலகை வெக்கச் செலவு பண்ணுவா." நாகேஸ்வரன் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீங்க பழம்பொரி சாப்பிடறச்சே வெளியில எப்படி இருந்தது?"

"இடியும் மழையுமாப் பிடிச்சு ஊத்திட்டிருந்து. துலாம் மாசம், ஐப்பசியில்லா? மூணு மணி ஆனா மலையிலேருந்து ஏறி வந்திரும்."

நாகேஸ்வரன் பொன்முடிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்கு மேல் ஒரு சாம்பல் நிறத் துணியை யாரோ மெல்ல விரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனை எடுத்து டாக்டர் சபீனாவைக் கூப்பிட்டார்.

"டாக்டர், மீட்டிங்கைக் கீழே ஏ.சி. ஹால்ல வெக்க வேண்டாம். இந்த ரூம்லயே வெப்போம். இன்னும் கொஞ்சம் கழிச்சு... காரணமா? இங்கே காபி நன்னாயிருக்கு."

போனை வைத்ததும் ராகேல் பிடித்துக்கொண்டாள். "ஆளு யாருன்னு தெரிஞ்சாச்சு, இல்லையா சாரே?"

"தெரியும்."

"பின்ன சொல்லிட்டுப் போலாமே."

"நான் சொன்னா அவன் சத்தியம் பண்ணி மறுப்பான். மனசார மறுப்பான். அதுதான் இதுல வேடிக்கை."

மூன்றரை மணிக்கு எல்லோரும் கூடினார்கள். டாக்டர் சபீனா மேஜையின் தலைமாட்டில். ஒரு பக்கம் அஜிதா. எதிர்ப்பக்கம் கொச்சிக் கம்பெனியின் விற்பனை மேலாளர் வீரபாண்டி, கல்யாண வீட்டு மாப்பிள்ளைபோல் மலர்ந்த முகத்தோடு. கதவோரம் சிவதாணு, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றபடி.

சுவரோரமாக, புரொஜெக்டருக்குப் பக்கத்தில், நடுவர் அழகியநம்பி எழுந்து நின்றார். வெளியே ஊரே வேர்த்துக்கொண்டிருக்க, அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் எழுதிய அறிக்கை தலையணை கனத்துக்கு மேஜைமேல் கிடந்தது. அதில் அறையின் வெப்பம் இருந்தது, ஒயரின் நீளம் இருந்தது, மெஷினின் விசிறி எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதுகூட இருந்தது.

"விஞ்ஞானபூர்வமான சோதனை இது," என்றார் அழகியநம்பி. "இரண்டு மென்பொருளுக்கும் சூழ்நிலை சமம். கேள்விகள் சமம். மெஷின்கள் சமம். வெளி ஆளின் கை இம்மியளவும் படவில்லை. நான் அறையை விட்டு நகரவே இல்லை."

திரையில் இரண்டு கம்பங்கள் தோன்றின. பாய்ச்சலின் கம்பம் கூரையைத் தொட்டது. நிலவறையின் கம்பம் தரையோடு படுத்திருந்தது.

"நிலவறை மெஷின் நடுவுல அணைஞ்சு எழுந்திருக்கே, அது அறிக்கையில இருக்கோ?" என்று கேட்டார் நாகேஸ்வரன்.

"அது அவர்களுடைய உள்விவகாரம். சோதனை தொடங்கியபோது இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அதுதான் விதி."

"தூக்கத்துலேருந்து எழுப்பி ஓட விட்டாலும் ஓட்டம் ஓட்டம்தான். நல்ல விதி."

வீரபாண்டி இருமுவதுபோல் சிரித்தான். "தோத்தவங்க ஆயிரம் சொல்லுவாங்க அண்ணாச்சி. நம்பர் பேசுது பாருங்க."

அறை இருண்டது. கிழக்கே பொன்முடி காணாமல் போயிருந்தது. கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன.

அழகியநம்பி அடுத்த படத்துக்குப் போனார். "இந்த வரைபடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது..."

இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ராகேல் அப்போது அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வாய் பேசிக்கொண்டே இருந்தது. ஆனால் வலது கை தனியாகப் புறப்பட்டது. சுவருக்குப் போனது. புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கியது. அடுத்ததைப் பிடுங்கியது. காபி மெஷின், டிவி, மேஜைமேலிருந்த மெஷின்களுக்குப் போன ஒயர்கள். ஒன்று விடாமல், வாழைத்தாரிலிருந்து காய் பறிப்பதுபோல். மேஜைக்கு அடியிலிருந்து யூ.பி.எஸ். பெட்டி 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது.

"...சமநிலை. முழுமையான சமநிலை," என்று முடித்தார் அழகியநம்பி, அணைந்துபோன திரையைச் சுட்டிக்காட்டி.

பெட்டி மட்டும் கத்தியது.

"அழகியநம்பி," என்றார் நாகேஸ்வரன், ரொம்ப அன்பாக. "கையில என்ன?"

நடுவர் குனிந்து பார்த்தார். ஐந்து பிளக்குகள். அவற்றை முதல் முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"இது... இடி இடிச்சதே?"

"இடிச்சது. நீர் வலியசாலையில என் பக்கத்துத் தெரு. மொத இடிக்கு அந்தத் தெருவுல டிவி, பிரிட்ஜ், மிக்சி எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் மறுவேலை. என் ஆத்துலயும் அப்படித்தான். இந்த ஊர்ல பொறந்தவன் கைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்னிக்கும் இடிச்சது. அன்னிக்கும் உம்ம கை போயிட்டு வந்தது. மழை விட்டதும் திருப்பிச் சொருகினீர். விசிறி எத்தனை சுத்துன்னு எழுதின மனுஷன், தன் கை என்ன பண்ணித்துன்னு எழுதலை."

"நான்... எனக்கு நினைவே இல்லை."

"தெரியும். அதனாலதான் உம்மைக் கேக்கலை. இடியைக் கேட்டேன்."

ராகேலால் அடக்க முடியவில்லை. "அப்போ ஜெயிச்சது பாய்ச்சல் இல்ல, கீழே கெடந்து கத்துதே அந்தப் பெட்டி! வீரபாண்டி சாரே, மாலை கொண்டு வந்திருந்தா அதுக்குப் போடுங்க."

டாக்டர் சபீனா சுருக்கமாகப் பேசும் பெண். "ரெண்டு மெஷினையும் முழுசா ஆஃப் பண்ணி, இப்போ என் கண் முன்னாடி ஓட விடுங்க," என்றார்.

சிவதாணு ஒன்றில் உட்கார்ந்தார், வீரபாண்டி மற்றதில். ஒரு சின்னப் பங்கு கேள்விகளை மட்டும் விட்டார்கள். இரண்டும் ஒன்றுபோல நொண்டின. மறுபடி விட்டார்கள். இரண்டும் ஒன்றுபோலப் பறந்தன. முதல் தடவை நிலவறை ஒரு மயிரிழை முன்னால், அடுத்த தடவை பாய்ச்சல் ஒரு மயிரிழை முன்னால். பதினோரு மடங்கு எங்கே போனதென்று அறையில் யாருக்கும் தெரியவில்லை.

அஜிதா துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா டாக்டர்? நாங்க தோக்கவே இல்லை! எங்க ஒன்பது மடங்கு..."

"உக்காருங்கோ," என்றார் நாகேஸ்வரன். "உங்க ஒன்பதும் இவா பதினொண்ணும் ஒரே தோசைக்கல்லுல சுட்டது. அங்கே நீங்க வேணும்னே பண்ணினேள், இங்கே இந்த மகான் தெரியாமப் பண்ணினார். அவர் கொஞ்சம் தேவலை."

"அப்போ நான் எதை வாங்கணும்?" என்றார் சபீனா.

"திங்கக்கிழமை காலம்பற உங்க ஓ.பி.யில நிக்கற கூட்டத்தை ரெண்டுலயும் விட்டுப் பாருங்கோ. ஒருத்தி பேரைத் தேடுவா, ஒருத்தி பில் போடுவா, ஒருத்தன் தப்பா அமுக்குவான். எல்லாம் ஒரே நேரத்துல. நடுவுல இவரைக் கூப்பிட்டுப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கோ. எது ஒரு நோயாளியையும் தொலைக்காம எழுந்து நிக்கறதோ, அது உங்களுக்கு. எத்தனை மடங்குன்னு எவனாவது ஒத்தை நம்பர் கொண்டு வந்தா, வாசல்லயே நிறுத்துங்கோ."

அப்போது சிவதாணுவின் போன் அடித்தது. எடுத்தார். கேட்டார்.

"ஸ்டேஷன்லேருந்து," என்றார். "உடனே வரணுமாம். கேஸாம்."

எல்லோரும் அஜிதாவைப் பார்த்தார்கள்.

"அஞ்சு மணி வரைக்கும் டைம்னு சொன்னியளே மேடம்," என்றாள் ராகேல்.

அஜிதா இந்த முறை தண்ணீரைத் தேடினாள், கிடைக்கவில்லை. "நீங்க கிளம்பினதுமே புகார் கொடுத்துட்டேன். எப்படியும் அவன்தானேன்னு நினைச்சு..."

"விசாரிக்க எங்களை அனுப்பிட்டு, தீர்ப்பை அங்கே அனுப்பினியளா? நல்ல வேகம். பதினோரு மடங்கு இருக்கும்."

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் புகாரை ஒரு முறை படித்தார், அஜிதா சொன்னதை ஒரு முறை கேட்டார், பிறகு பேனாவைக் கீழே வைத்தார். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.

"மேடம், அப்போ கள்ளன் ஆரு?"

"யாரும் இல்லை சார்."

"பிளக் ஊரியது? பிடுங்கினது ஆரு?"

"நடுவர். இடி இடிச்சதால."

எஸ்.ஐ. தன் மேஜைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அங்கே கம்ப்யூட்டரின் பிளக் ஏற்கெனவே தரையில் கிடந்தது. "அது பின்னே ஊரண்டே?" என்றார், இடித்தால் பிடுங்க வேண்டாமா என்பதுபோல். ஒரு வெள்ளைத் தாளை அஜிதாவிடம் நீட்டினார். "புகாரை வாபஸ் வாங்கறதா எழுதித் தாங்க. காரணமும் வேணும்."

அஜிதா எழுதினாள். எஸ்.ஐ. அதை வாங்காமல் சிவதாணுவிடம் காட்டச் சொன்னார். சிவதாணு படித்தார். 'தவறான புரிதலின் காரணமாக' என்று இருந்தது.

"இது இல்ல மேடம்," என்றார்.

"பின்ன என்ன எழுதணும்?"

"உங்களுக்கு ஒரு புரிதலும் தப்பா வரல்ல. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. 'நான் விசாரிக்காமல் கொடுத்தேன்'னு எழுதுங்க."

அஜிதா எஸ்.ஐ.யைப் பார்த்தாள். எஸ்.ஐ. கூரையைப் பார்த்தார். நாகேஸ்வரனைப் பார்த்தாள். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடித்துவிட்டு, வேறு எழுதினாள். சிவதாணு எழுத்து எழுத்தாகப் படித்தார். நகல் ஒன்று கேட்டு வாங்கி, மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வாசலில் அஜிதா தயங்கி நின்றாள். "சிவதாணு, திங்கக்கிழமை வந்துடுங்க. ஓ.பி. டெஸ்ட் இருக்கே. உங்களை விட்டா யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறிப் போய்விட்டாள்.

"போவியளா அண்ணாச்சி?" என்றாள் ராகேல்.

"போவேன். பிள்ளைக்கு ஸ்கூலு இருக்கு, வீட்டுக்கு வாடகை இருக்கு. போகாம?" சிவதாணு சட்டைக்குமேல் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "முதல்ல இதை என் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுவேன். பின்ன கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ்ல எனக்க மேசையில வெப்பேன். மேடம் தெனமும் அது வழியாத்தான் அவளுக்க ரூமுக்குப் போகணும்."